பேய்க்கதைக் கொப்பிகளை ஸ்கான் பண்ண ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். பெரியப்பா எழுதிய பேய்க்கதைகள், கொத்திப் பேய், முனி, குளக்கட்டில் விளக்கோடு நடக்கிற கிழவி என்று ஒரு றங்குப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. 2009 போர்க்கால இடப்பெயர்விலும் பெரியம்மா கைவிடாத பெட்டி. கொப்பிக் கம்பிகள் துருப்பிடித்து, தாளைப் புரட்டினாலே ஓட்டை பெரிதாகிறது. இடையிடையே பத்திரிகைகள் கதையைத் திருப்பி அனுப்பிய கடிதங்களும் உண்டு (சில கதைகளைவிட அவைதான் சுவாரசியம்!).

1981இல் யாழ் நூலகம் எரிந்த கதை தெரிந்தும் ஒற்றைப் பிரதியோடு இருக்கப் பயமாக இருக்கிறது. நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை ஸ்கான் செய்து இணையத்தில் போடுகிறார்கள்தானே, அவர்களிடம் இப்படிக் கையெழுத்துப் பிரதி கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெரியம்மா பெட்டியை வீட்டுப்படி தாண்ட விடமாட்டார், ஆகவே வீட்டுக்கு வந்து செய்வார்களா என்றும் சொல்லுங்கள். அதுவரை போனில் படமெடுக்கலாமா, கம்பியை நாங்களே கழற்றலாமா, திகதியில்லாத கொப்பிகளை எப்படி அடுக்குவது?