ஜோர்ஜ்டவுன் பழைய நகரம்: கேமரா கூடினால் பாதுகாப்பு கூடுமா, குடியிருப்போர் கூடினால் கூடுமா?

குயின் தெரு மகள் எழுதியது:

மலேசியாவின் பினாங்கில், ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், குயின் தெரு ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் அம்மாவும் நானும் குடியிருக்கிறோம். சென்ற மாதம் எங்கள் வரிசையில் தனியாக வாழும், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் இரவு முழுவதும் அங்கேயே கிடந்தார். மறுநாள் காலை பூ கொடுக்க வந்தவர்தான் கதவு திறக்காததைக் கண்டு எங்களை அழைத்தார். பாட்டியின் வீட்டுக்கு ஒருபுறம் தங்கும் விடுதி, மறுபுறம் கிடங்கு. விடுதியில் அன்றிரவு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர் சுவரைத் தட்டிய ஓசை சிலருக்குக் கேட்டும் இருக்கிறது. ஆனால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதையொட்டி நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்த ஒரே கோரிக்கை, கண்காணிப்புக் கேமராக்களை அதிகப்படுத்த வேண்டும் என்பதுதான். கைப்பை பறிப்பவனைக் கேமரா பிடித்துக் கொடுக்கலாம். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால், வீட்டுக்குள் விழுந்து கிடப்பவரை அது எப்படிக் காணும்? 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து நம் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது முதல் சுவர்கள் புதுப்பொலிவு பெற்றிருக்கின்றன, சுவரோவியங்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, பழைய வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் உயிர்பெற்றிருக்கின்றன. எங்கள் வரிசையின் பதினொரு வீடுகளில் இரவு ஆள் குடியிருப்பது இரண்டே வீடுகளில். ஆகவே, மையப் பகுதியில் ஒவ்வொரு வரிசையிலும் குறிப்பிட்ட அளவு மாடிகள் நிரந்தரக் குடியிருப்புக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்றும், விடுதிகளுக்கான உரிமம் அந்த அளவைக் காத்த பிறகே வழங்கப்பட வேண்டும் என்றும் நான் கருதுகிறேன். உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

கடைவீட்டு உரிமையாளர் எழுதியது:

சகோதரி, பாட்டி விரைவில் நலம்பெற வேண்டும். உங்கள் கோரிக்கையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வட்டாரத்தில் மூன்று கடைவீடுகளைப் பழுதுபார்த்து, அவற்றில் ஒன்றைச் சிறு விடுதியாக நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது. பினாங்கில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன்கீழ் இருந்தன. என் தாத்தாவின் வீட்டில் அன்று ஓராண்டு முழுவதும் வந்த வாடகையைச் சேர்த்தாலும் கூரையின் ஒரு பக்கத்துக்குக்கூட ஓடு மாற்ற முடியாது. மழைநீர் உத்தரத்தில் இறங்கியது, கறையான் ஏறியது, சுண்ணாம்புச் சுவர் உப்பிப் பெயர்ந்தது. அந்தச் சட்டம் நீங்கிய பின் வாடகை உயர்ந்து மக்கள் வெளியேறினார்கள் என்பது உண்மை. ஆனால், காலியான வீடுகளுக்கு உடனே விடுதிகள் வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் அவை பூட்டிக் கிடந்தன. சிலவற்றின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே உண்ணக்கூடிய கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். மரபுரிமைப் பகுதியிலிருந்து 2013-ஆம் ஆண்டு இறுதிக்குள் அவற்றை அகற்ற வேண்டும் என்று மாநில அரசு கெடு விதிக்கும் அளவுக்கு அந்தத் தொழில் பரவியிருந்தது. என் வீட்டின் பின்சந்தில் அக்காலத்தில் நான் போதை ஊசிகளைக் கூட்டி அள்ளியிருக்கிறேன். இன்று அதே சந்தில் விளக்கு எரிகிறது, விடுதியில் இரவுக் காவலர் இருக்கிறார். முதலீடு வந்ததால்தான் இது நடந்தது. கட்டாய ஒதுக்கீடு என்பது வாடகைக் கட்டுப்பாட்டை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவருவதாகும். அதன் விளைவை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பொற்கொல்லர் எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் வீட்டில் குத்தகைக்கு இருந்தவன் நான். அந்த வாடகை குறைவு என்பதை மறுக்கமாட்டேன். அந்தச் சட்டத்தை நீக்கியபோது, 1997 செப்டம்பர் முதல் 1999 டிசம்பர் 31 வரை எங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். புத்தாண்டு பிறந்தபோது நான் கொடுத்துவந்ததைப் போல் பல மடங்கு வாடகை கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு தலைமுறை பட்டறை வைத்திருந்த இடத்தை மூன்று மாதத்தில் காலி செய்து, தீவின் மறுபக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். உலை வைக்க அங்கே இடமில்லை. தொழில் அதோடு நின்றது.

பழைய வாழ்க்கையைப் பொன்னாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் மாடியில் பலகைத் தடுப்புக்குள் ஐந்து குடும்பங்கள் இருந்தன. கீழே ஒரே குழாய். வாளிக் கழிப்பறையின் நாற்றம் இன்னும் நினைவிலிருந்து போகவில்லை. ஆனால், அந்த மாடியில் ஒருவர் இருமினால் அடுத்த தடுப்பில் இருப்பவர் எழுந்து சுக்கு நீர் வைப்பார். கடை முகப்பில் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும் கூரையுள்ள நடைபாதையான அஞ்சடியில் பூக்கட்டுபவர், முடிதிருத்துபவர், பழைய செய்தித்தாள் எடைபோடுபவர் என்று விடியலிலிருந்து இரவு பத்து வரை யாராவது அமர்ந்திருப்பார்கள். புதியவன் ஒருவன் இரண்டு முறை அந்த வழியே நடந்தால், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். இன்று பல இடங்களில் அஞ்சடி மேசை நாற்காலிகளாலும் பூந்தொட்டிகளாலும் அடைபட்டிருப்பதால் நான் சாலையில் இறங்கி, மோட்டார்களுக்கு நடுவே நடக்கிறேன். என் வயதுக்கு அதுதான் முதல் ஆபத்து.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்குத் தெரு நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது நான் தவறாமல் வந்துவிடுகிறேன். முன்பெல்லாம் வாசலுக்கு வாசல் அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்கள் அந்தந்த வீட்டுக்காரர்கள். இப்போது தட்டு ஏந்துபவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல் வெளியிலிருந்து வண்டி பிடித்து வந்தவர்கள்.

தீயணைப்புத் தொண்டர் எழுதியது:

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் திருடனைப் பற்றியே பேசுகிறீர்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்தப் பகுதியில் எனக்கு உறக்கம் கெடுவது நெருப்பை நினைத்துத்தான்.

கடைவீடு குறுகியது, நீளமானது. இரண்டு வீடுகளுக்கு நடுவில் உள்ள பொதுச்சுவர் செங்கல்லால் ஆனது. அது கூரைக்கு மேல்வரை உயர்ந்திருந்தால் நெருப்பை ஓரளவு தடுக்கும். ஆனால், தளம், படிக்கட்டு, உத்தரம் அனைத்தும் மரம். நடுவில் உள்ள திறந்த முற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்குமென அமைந்தது. புகை வெளியேறுவதும் அதன் வழியேதான். மழை வராமலிருக்க அதன்மேல் நெகிழித் தகடு போட்டு மூடிவிட்டால் புகை மாடியிலேயே தங்கிவிடும். முன்புறம் நெருப்புப் பிடித்தால் தப்பிக்க இருப்பது பின்கதவு. அதற்கு வெளியே பின்சந்து. கழிவு அள்ளுவோர் வந்துபோவதற்காக அமைந்த அந்தச் சந்துகள் இன்று எங்களுக்கு உயிர்வழி. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டிகளும் எரிவாயு உருளைகளும் இரும்புக் கதவுகளும் அடைத்து நிற்கின்றன.

குடும்பங்கள் இருந்த வரிசைகளில் நாங்கள் வண்டியை விட்டு இறங்கும் முன்பே, "மேல்மாடியில் பின்பக்க அறையில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார்" என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். பதிவில்லாமல் நாள் வாடகைக்கு விடப்படும் வீட்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. எனவே சகோதரியின் பக்கமே என் மனம் சாய்கிறது.

கடைவீட்டு உரிமையாளர் எழுதியது:

தொண்டர் ஐயா சொன்னதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற விடுதிக்குத் தீயணைப்பு மீட்புத் துறையின் ஒப்புதல் தேவை. அவசர விளக்கும் புகை உணர்கருவியும் தப்பும் வழியும் இல்லாமல் நான் கதவைத் திறக்க முடியாது. ஐம்பது ஆண்டுகள் ஆன மின்கம்பியில் நான்கு இணைப்புகளைச் சொருகி வைத்திருக்கும் குடும்ப வீட்டை யார் வந்து சோதிக்கிறார்கள்? பதிவில்லாத வீடுகளை ஒடுக்குங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால், குடியிருப்பு என்றாலே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வர வேண்டாம்.

இன்னொன்று: மரபு முறைப்படி சுண்ணாம்புப் பூச்சும் பழைய வகை ஓடும் வைத்துப் பழுதுபார்க்கும் செலவு புதிய கட்டடத்தின் செலவைவிடக் குறைவானதல்ல. நான் வங்கிக் கடன் வாங்கினேன். வாடகையைக் குறைத்துக் குடும்பங்களை வைக்க வேண்டும் என்பது ஊரின் விருப்பமானால், அந்த இழப்பை ஊர்தான் ஏற்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவில் அரசு பங்கேற்று, அதற்கு ஈடாக உரிமையாளர் பத்தாண்டுகள் ஒரே குடும்பத்துக்குக் குறைந்த வாடகையில் மாடியை விட வேண்டும் என்று ஒப்பந்தம் வரட்டும். நான் முதல் ஆளாக வருவேன். கட்டாயத்துக்கு வரமாட்டேன்.

உணவகச் சமையலர் எழுதியது:

இந்த உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். நான் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வேலை அனுமதியில் வந்து, இதே லிட்டில் இந்தியாவில் ஆறாவது ஆண்டாகச் சமையல் வேலை செய்கிறேன். பதினொரு வீடுகளில் இரண்டில்தான் ஆள் இருக்கிறார்கள் என்று அக்கா எழுதியிருக்கிறார். அந்த வரிசை எதுவென்று எனக்குத் தெரியாது. எங்கள் வரிசையில் வெளியிலிருந்து பார்த்தால் நான்கு மாடிகள் பூட்டிய வீடு போலத்தான் தோன்றும். அவற்றில் ஒன்றில் நாங்கள் எட்டுப் பேர் உறங்குகிறோம். அடுத்ததில் வங்காளதேசத்துத் தோழர்கள் இருக்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையைக் கழுவி மூடி, அஞ்சடியில் கால் மணி நேரம் அமர்ந்து ஊருக்குப் பேசிவிட்டு மாடிக்கு ஏறுவோம். அந்த நேரத்தில் தெருவில் விழித்திருப்பவர்கள் நாங்கள் மட்டுமே.

எங்களைப் பார்த்தால் சிலர் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அண்டைவீட்டார் குழுவின் கூட்டத்துக்கு இதுவரை எங்களை யாரும் அழைத்ததில்லை; எங்களைப் பற்றிப் பேசியதாக மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பாட்டி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால், அவர் சுவரைத் தட்டியது எங்களுக்குக் கேட்டிருக்கும், நாங்கள் போயிருப்போம் என்று உறுதியாகச் சொல்வேன். போவதற்கு முன், அந்நேரத்தில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் கதவை நாங்கள் உடைத்தால் காவல்துறை எங்களை என்ன செய்யும் என்ற அச்சமும் வந்திருக்கும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குயின் தெரு மகள் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு பன்னிரண்டரை மணிக்கு வாசலில் நின்று எங்கள் வரிசையை மீண்டும் எண்ணினேன். பூட்டியிருப்பதாக நான் நினைத்த ஒரு மாடியின் சன்னலில் சட்டைகள் காய்ந்தன. நான் பிறந்து வளர்ந்த தெருவில் என் அண்டை வீட்டாரை நானே கணக்கில் சேர்க்கவில்லை. வருந்துகிறேன்.

ஆனாலும் என் கோரிக்கையைக் கைவிடவில்லை. உங்கள் எட்டுப் பேருக்கும் அந்த அறை முதலாளியின் விருப்பம் உள்ளவரைதான். அனுமதி முடிந்தால் போக வேண்டும், வேறு எட்டுப் பேர் வருவார்கள். பாட்டியின் பெயரை நீங்கள் அறியும் முன்பே உங்கள் முறை முடிந்துவிடும். நிரந்தரமாக இருக்கும் உரிமை யாருக்காவது வேண்டும். அது பழைய குடும்பங்களுக்கு மட்டும் உரியது என்று நான் முன்பு எண்ணியதை மாற்றிக்கொள்கிறேன். இவ்வூரில் 2006-இல் கோய் என்ற சீனக் குலத்தார் கடல்மேல் கால்நட்டுக் கட்டிய நீர்முகப்பு வீடுகளை அடுக்குமாடிகளுக்காக இடித்தார்கள். மற்ற குலங்களின் நீர்முகப்புகள் மரபுரிமைப் பகுதிக்குள் சேர்ந்து தப்பின. அவற்றில் சியூ குலத்தாருடையது இன்று சுற்றுலாக் கூட்டத்தால் நெருக்கப்பட்டாலும், அங்கே மக்கள் இன்னும் குடியிருப்பதால்தான் வருகையாளர் நடமாட்டத்துக்கு நேர வரம்பு கேட்க அவர்களால் முடிகிறது. நம் தெருவில் அப்படிக் கேட்க நாளை யார் இருப்பார்கள்?

உரிமையாளர் ஐயா, செலவில் அரசு பங்கேற்கும் பத்தாண்டு ஒப்பந்தம் என்ற உங்கள் கருத்து கட்டாய ஒதுக்கீட்டைவிட விரைவில் நடக்கக்கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா உரிமையாளர்களும் உங்களைப் போல் முன்வருவார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

தீயணைப்புத் தொண்டர் எழுதியது:

ஒப்பந்தமும் சட்டமும் வரும்போது வரட்டும். சமையலர் தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாடியிலிருந்து பின்சந்துக்கு இறங்க வழி உண்டா?

உணவகச் சமையலர் எழுதியது:

இல்லை ஐயா. முன்பக்கப் படிக்கட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதன் அடியில் கடையின் எண்ணெய்த் தகரங்கள் அடுக்கியிருக்கின்றன. பின்பக்கச் சன்னலுக்கு இரும்புக் கம்பி அடித்திருக்கிறார்கள். கேட்டால் வேலைக்குக் கேடு வருமோ என்று நாங்கள் கேட்டதில்லை.

கடைவீட்டு உரிமையாளர் எழுதியது:

தம்பி, வீட்டு எண்ணை இங்கே எழுத வேண்டாம். தனிச்செய்தியில் எனக்கு அனுப்புங்கள். இந்த வட்டாரத்து உரிமையாளர்கள் பலரை எனக்குத் தெரியும். உங்கள் பெயர் வராமல், பக்கத்துக் கட்டடத்துக்காரன் என்ற முறையில் என் வீட்டுக்கும் ஆபத்து என்று சொல்லி நானே பேசுகிறேன். கம்பியைக் கழற்றி உள்ளிருந்து திறக்கும் கதவு வைக்க என் தச்சரை அனுப்புவேன். எண்ணெய்த் தகரங்களை நாளைக்கே நகர்த்தச் சொல்லலாம். சகோதரியின் ஒதுக்கீட்டை நான் இன்னும் ஏற்கவில்லை.

குயின் தெரு மகள் எழுதியது:

நானும் உங்களோடு வருகிறேன் ஐயா. வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் எங்கள் வரிசையின் பின்சந்து முழுவதையும் தொண்டர் ஐயாவுடன் நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கதவு திறக்கிறது, எது திறக்கவில்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். தம்பி, அன்று உங்களுக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்? அதற்குப் பிறகே தொடங்குவோம்.