புதுப்பிப்பு: தீராத உடல்வலி, காரணம் தைராய்டு

உடற்பயிற்சி எதுவும் செய்யாமலே தொடையும் தோளும் வலிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வைட்டமின் டி குறைவாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள்; ஆனால் பரிசோதனையில் அதன் அளவு சரியாகவே இருந்தது. தைராய்டைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் நன்றாக ஏறியிருந்தது. எதிர்பாராதது, தசை நொதியான சிபிகேயும் கூடியிருந்தது. தைராய்டு குறைந்தாலே அது ஏறுமாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள்: தைராய்டு குறைவைச் சரிசெய்யாமல் விட்டால் அந்த மாத்திரையால் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம். கொழுப்பு ஏறுவதற்கே தைராய்டு காரணமாக இருக்கலாம்!

தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் தொடங்கியதும் முதலில் சோர்வு விட்டது, அப்புறம்தான் தோள்வலி. தொடையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டிஎஸ்ஹெச் நிலைப்பட 6 வாரமாவது ஆகும் என்பதால் மறுபரிசோதனை அதற்குப் பிறகுதான்.