பிரேக் ‘பிளீடிங்’: தமிழில் என்ன எழுதுவது? (படை லாரிக் கையேடு)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வணக்கம். படை கழித்துவிட்ட பழைய லாரிகளை வாங்கி வீட்டிலேயே பழுது பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டு வண்டி எம்35ஏ2. அமெரிக்கப் படையின் இரண்டரை டன் லாரி. மூன்று அச்சு, 24 வோல்ட் மின்சுற்று. எஞ்சின் அத்தியாயம் முடிந்தது. பிரேக் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு சொல் வழிமறிக்கிறது: பிளீடிங். அதாவது, பிரேக் திரவக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை.

பட்டறையில் ‘ஏர் எடுப்பது’ என்பார்கள். அப்படியே ‘காற்றெடுத்தல்’ என்று எழுதியிருப்பேன். ஆனால் இந்த வண்டியில் காற்றுக்கு இரண்டு முகம். பெடலை மிதித்தால் திரவத்தில் அழுத்தம் எழுகிறது. அதை பூஸ்டர், தொட்டியில் அடைத்து வைத்த காற்றின் வலுவால் பெருக்குகிறது. தொட்டியில் காற்று இருந்தே ஆக வேண்டும். திரவக் குழாயில் சிறிதளவும் இருக்கக் கூடாது. ‘பிரேக்கில் காற்றெடுக்கவும்’ என்று படிப்பவர் எதைத் திறப்பார்?

தமிழாசிரியர் எழுதியது:

விடை இலக்கியத்திலேயே கிடக்கிறது. புறநானூறு 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்கிறார். காற்றை வேலை வாங்கியவனின் வழித்தோன்றல்! அமுக்கி அடைத்து வேலை வாங்கும் காற்று வளி. தெரியாமல் புகுந்தது வெறுங்காற்று. தொட்டியில் இருப்பதை வளி என்றும், குழாயில் நுழைந்ததைக் காற்று என்றும் எழுதினால் குழப்பம் தீர்ந்தது. ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வள்ளுவர் வளியை முதலாக வைத்துச் சொன்னது இந்த பிரேக்குக்கும் பொருந்துகிறது, பாருங்கள்.

லாரி வைத்திருப்பவர் எழுதியது:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிரேக் திரவம் முகத்தில் சொட்டும்போது, வளிக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கு நினைவுக்கு வரும்? மேலும் குறளில் வளி என்பது வாதம், மிகுந்தால் நோய். உங்கள் பிரிவினைப்படி நோய் செய்வது காற்று அல்லவா? இரண்டு மேற்கோளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

எனக்கு ‘வடித்தல்’ போதும். திருகைத் தளர்த்தினால் திரவம் வடிகிறது. கூடவே காற்றும் போகிறது.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

வடித்தலில் ஓர் இலக்கணச் சிக்கல். கண்ணீர் வடித்தான் என்றால் செயப்படுபொருள் வெளியேறுவது. சோறு வடித்தாள் என்றால் செயப்படுபொருள் உள்ளே தங்குவது, போவது கஞ்சி. அப்படியானால் ‘பிரேக் திரவத்தை வடிக்கவும்’ என்றால் திரவம் தங்குமா, போகுமா? பாதிப் பேர் மொத்தத்தையும் வெளியேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

அம்மா சொல்வது சரி. இன்னொன்றும் உண்டு. காற்றுத் தொட்டியில் ஈரம் தண்ணீராகத் தேங்கும். வண்டி ஓடிய நாளெல்லாம் தொட்டியின் அடித்திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும், குளிரில் வால்வு உறையும். வடித்தல் அந்த வேலைக்கே உரிய சொல். அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

டீசல் வடிகட்டி மாற்றினாலும் குழாயில் காற்று புகும். அதையும் வெளியேற்றாமல் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. ஆக மூன்று வேலை. சொல் தேடுபவர்கள் முதலில் வேலையை எண்ணிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ‘ஏர் எடுப்பது’ என்றாலே எந்த வேலை என்று புரியும், அது வேறு.

தமிழாசிரியர் எழுதியது:

‘வளிபோக்கல்’ என்றால் என்ன?

லாரி வைத்திருப்பவர் எழுதியது:

வேண்டாம் ஐயா. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பொறியியல் ஆசிரியர் எழுதியது:

காற்று எங்கும் இருக்கும். நமக்கு வேண்டாத காற்று திரவத்துக்குள் எப்படி இருக்கிறது? குமிழியாக. தொட்டியில் குமிழி என்ற பேச்சே இல்லை. ‘குமிழி நீக்கல்’ என்றால் திரவக் குழாயைத் தவிர வேறெதையும் குறிக்காது, டீசலுக்கும் பொருந்தும். காரணமும் பெயரிலேயே இருக்கிறது: திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும், அதனால்தான் பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது. இந்த வண்டியின் திரவச் சுற்று ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் கெட்டால் ஆறு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். சொல்லில் விளையாட இடமில்லை.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். சுருக்கம் கருதி யாராவது ‘குமிழ் நீக்கல்’ ஆக்கிவிடுவார்கள். குமிழ் என்றால் திருகும் பிடி. வானொலிக் குமிழ் நினைவிருக்கட்டும். கியர்க் கம்பியின் தலையைக் கழற்றிவிடப் போகிறார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

குவி, குமி, குமிழ், குமிழி, கும்மட்டம் எல்லாம் திரட்சிப் பொருள் தரும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் கருத்து. குப்பியையும் சேர்க்கலாம்...

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

பட்டறைக்காரர் எழுதியது:

குமிழி என்பதிலும் ஓட்டை இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். பெடல் அதேபோலத்தான் இறங்கும். ஆறினால் அந்தக் குமிழி தானே போய்விடும்; திருகைத் திறந்து நீக்க அங்கே எதுவும் இருக்காது. அதற்கு மருந்து புதுத் திரவம்.

பொறியியல் ஆசிரியர் எழுதியது:

உண்மை. டாட் 3 எனும் வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பின் அந்த அளவு 140 ஆகிறது. ஆனால் அது ஈரத்தின் கதை. அதற்கு ‘ஆவியடைப்பு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள். கையேட்டில் எங்கும் ‘பிரேக் ஆயில்’ வர வேண்டாம். அந்தப் பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் முத்திரைகள் உப்பிக் கெட்டுவிடும். படை பின்னாளில் டாட் 5 எனும் சிலிகோன் திரவத்துக்கு மாறியது. அதையும் டாட் 3-ஐயும் கலக்கவும் கூடாது.

பட்டறைக்காரர் எழுதியது:

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ‘பிரேக் திரவம்’ வாயில் வராது. கடையில் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘குமிழி நீக்கல்’ என்றே அனுப்பிவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் ‘பட்டறை வழக்கில் ஏர் எடுப்பது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தொட்டித் தண்ணீருக்கு ‘வடித்தல்’. மூவர் சரி என்றீர்கள், ஒருவர் பதிலே எழுதவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

எழுதாதவன் நான். சம்மதம் இல்லை. வளி என்ற சொல் இருக்க, தொட்டியில் இருப்பதை வெறும் ‘அமுக்கிய காற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபதிப்பில் பார்த்துக்கொள்வோம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அடுத்தது சக்கர அத்தியாயம். டயர் சக்கரத்தை விட்டுக் கழலாமல் தாங்கும் இரும்பு வளையமான லாக் ரிங்குக்குப் ‘பூட்டு வளையம்’ என்று எழுதியிருக்கிறேன். காற்றடிக்கும்போது தெறித்தால் உயிரைப் பறிக்கும் பொருள் அது. இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும்.

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

பூட்டு வளையம் என்றால் சாவி எங்கே என்று கேட்பார்கள். ‘இறுக்கு வளையம்’?

பட்டறைக்காரர் எழுதியது:

அது இறுக்குவதில்லை அம்மா, தாங்குகிறது.