ஆச்சி வீடு, பாளையங்கோட்டை (குடும்பக் குழு)

பெரியப்பா: என்னடே, ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவிட்டார்களாமே? குடலில் கட்டியை வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்ப்பது? வேறு ஆஸ்பத்திரி பார்ப்போமா?

நான்: டாக்டர் காரணம் சொன்னார் பெரியப்பா. ஆச்சியை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூன்றாம் தடவைதான் எழுந்தாள். மொத்தம் 22 விநாடி. 12ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டுமாம். இந்த மூன்று வாரத்தில் உடம்பைத் தேற்றிவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்.

அத்தை: 76 வயதில் ஓடவா முடியும்?

அக்கா (பிசியோ): வயதை விடுங்கள் அத்தை. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு 81, இன்னும் சைக்கிளில் போய் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறார். உடம்பில் இருப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. காரணமில்லாமல் எடை குறைவது, சோர்வு, கைப்பிடியில் வலு இல்லாதது, மெதுவான நடை, நடமாட்டம் குறைவது. ஐந்தில் மூன்று இருந்தாலே நலிவு என்போம். ஆச்சிக்கு நான்கு. ஒரே வருடத்தில் 52 கிலோ 46 ஆகிவிட்டது. போன தீபாவளி ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததே நான்தான்.

மாமா: என் அம்மாவுக்கும் குடல் ஆபரேஷன்தான். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அப்புறம் நெஞ்சில் சளி கட்டி, படுக்கைப் புண் வந்து, இரண்டு மாதம். திரும்பத் திண்ணையில் வந்து உட்காரவே இல்லை. முன்னாடி யாரும் இப்படி நடக்கவிட்டுப் பார்க்கவில்லை.

பெரியப்பா: அதற்குள் கட்டி பெரிதானால்?

நான்: இப்போது அடைப்பு இல்லை, அதனால்தான் பொறுக்கலாம் என்கிறார். வாந்தி, வயிறு உப்பல், வாயு பிரியாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே கூட்டிவரச் சொன்னார். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் குறைவு, 8.4தான். நாளை இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்.

சித்தி: நான் மூன்று வேளையும் கஞ்சிதான் கொடுக்கிறேன். கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. காபிகூடக் கைக்கு வந்துவிடும்.

அக்கா (பிசியோ): சித்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த இரண்டையும்தான் நிறுத்த வேண்டும். நல்ல ஆரோக்கியமான முதியவரே பத்து நாள் படுத்துக் கிடந்தால் காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விடும். குடலை வெட்டித் தைத்தால் அது ஆறப் புரதம் வேண்டும். ஆச்சி எடைக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் 6தான், கஞ்சியைச் சொல்லவே வேண்டாம். முட்டை, சாளை மீன், பாசிப்பயறு, தயிர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கிட்னி சரியாக இருக்கிறது, டாக்டரும் சரி என்றுவிட்டார்.

அத்தை: ஐசியூவில் அம்மா குழம்பிப் போவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

அக்கா (பிசியோ): கண்ணாடியும் காது மெஷினும் கண் விழித்ததும் கைக்கு வர வேண்டும். பத்திரம் என்று பீரோவில் பூட்டிவிட்டு வராதீர்கள். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். பாவம் என்று யாரும் குறுக்கே போகக் கூடாது, பெரியப்பா உட்பட.

பெரியப்பா: சரி தாயி. சனிக்கிழமை வருகிறேன். சாளை நான் வாங்கி வருகிறேன்.

*(ஆறு நாள் கழித்து)*

நான்: இன்று 17 விநாடி! கேட் வரை நான்கு நடை. மூச்சுப் பயிற்சிக்கு வாங்கிய மூன்று பந்து டப்பாவில் இரண்டாவது பந்து பாதி ஏறி நடுங்குகிறது. ஆச்சி வாய்ஸ் மெசேஜ் போடுகிறாள், கேளுங்கள்.

ஆச்சி (வாய்ஸ்): ஏல பெரியவனே, மீன் வாங்குறதோட இந்தப் பந்து டப்பாவும் வேற ஒண்ணு வாங்கிட்டு வா. இதுல மூணாவது பந்து ஏறவே மாட்டேங்கு. ஏதோ கோளாறு.