அத்தை, அது வெள்ளையாக்கும் க்ரீம் இல்லை

மலர் அத்தை: வித்யா, நீ சொன்னாய் என்றுதான் சன்ஸ்கிரீன் வாங்கினேன், ஒன்றரை மாதமாகிறது. மங்கு நடுவில் கொஞ்சம் போன மாதிரி இருந்தது, இப்போது பழையபடி கன்னம் முழுக்க வந்துவிட்டது. முகமும் வெளுக்கவே இல்லை. 600 ரூபாய் போனதுதான் மிச்சம்.

ராஜி பெரியம்மா: நாம் என்ன வெள்ளைக்காரர்களா மலர், நமக்கு எதற்கு அது? கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது. எலுமிச்சம்பழச் சாறு தடவிக்கொண்டு வா, மங்கு ஓடிவிடும்.

வித்யா: ஐயோ பெரியம்மா, எலுமிச்சை மட்டும் வேண்டாம். அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் அடித்தால் தோல் வெந்து கொப்புளமே வரலாம், ஆறிய பிறகும் கறுப்பு போக மாதக்கணக்காகும்.

வித்யா: அத்தை, அது வெள்ளையாக்கும் க்ரீம் இல்லை, இருக்கும் கறுப்பு மேலும் ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பெரியம்மா சொல்வதிலும் பாதி சரி, கறுத்த தோல் வெயிலில் சட்டென்று வெந்து சிவக்காது, தோல் புற்றுநோய் வரும் ஆபத்தும் குறைவு. ஆனால் மங்கு நம் மாதிரித் தோலில்தான் அதிகம் வருகிறது, அதைக் கிளப்பிவிடுவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சரி, எவ்வளவு பூசுகிறீர்கள்?

மலர் அத்தை: ஒரு பட்டாணி அளவு, காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது. மேகமாக இருந்தால் போடுவதில்லை. டியூபில் பாதிகூடக் குறையவில்லை.

வித்யா: அது போதவே போதாது அத்தை. எஸ்பிஎஃப் என்பது வெயிலில் தோல் சிவக்காமல் எவ்வளவு காக்கும் என்ற அளவு. டியூபில் எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்த எண். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடாகப் பிதுக்குங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். பட்டாணி அளவு போட்டால் 50 என்று காசு கொடுத்தும் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிர் பெருமளவு இறங்கிவிடும், அன்றும் போடுங்கள்.

செந்தில் சித்தப்பா: அப்படியானால் 100 வாங்கிக் காலையில் ஒரே தடவை போட்டுவிட்டால்?

வித்யா: எண் கூடினால் நேரம் கூடாது சித்தப்பா. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரான யூவிபியில் 30 என்பது சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98, 100 போனாலும் 99தான். எதுவாக இருந்தாலும் வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், வியர்த்துத் துடைத்தால் அதற்கும் முன்பே. யூவிஏ என்று இன்னொன்று இருக்கிறது, அது கண்ணாடி வழியாகவும் வரும், அதற்குத்தான் டியூபில் பிஏ போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அவருக்கு முகத்தின் இடது பாதி மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கியிருக்கும். நீங்களும் வண்டி ஓட்டுகிறீர்கள், இங்கே ஸ்டியரிங் வலது பக்கம், உங்கள் வலது கையைப் பாருங்கள்.

செந்தில் சித்தப்பா: இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வலது கைதான் நன்றாகக் கறுத்திருக்கிறது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுத்தானே ஓட்டுகிறேன்!

மலர் அத்தை: நிறையப் போட்டால் முகம் சாம்பல் பூசியது போல இருக்கிறதே, வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வித்யா: ஜிங்க் ஆக்ஸைடு இருந்தால் அப்படித் தெரியும். தோல் நிறத்திலேயே வரும் டின்ட்டட் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். மங்குக்கு அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கை ஏற்றும், அதில் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு அந்த வெளிச்சத்தையும் தடுக்கும். அப்புறம், நடுவில் கொஞ்சம் போனது என்றீர்களே, வேறு ஏதாவது பூசினீர்களா?

மலர் அத்தை: மெடிக்கலில் கேட்டு வாங்கி ராத்திரி ஒன்று போட்டேன். மூன்று வாரத்தில் பளிச்சென்று ஆனது, விட்டால் திரும்பி வருகிறது, அதனால் மறுபடி போடுகிறேன். படம் அனுப்பியிருக்கிறேன், பார்.

வித்யா: அத்தை, இதில் மோமெட்டசோன் இருக்கிறது, அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து இது. நாமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் முடி முளைக்கும், வெயில் பட்டாலே எரியும். எனக்கு உங்கள் மங்கைவிட இதுதான் பயமாக இருக்கிறது. எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்?

மலர் அத்தை: தீபாவளிக்கு முன்னாலிருந்தே. இப்போது அடுப்புப் பக்கம் போனாலும் கன்னம் எரிகிறது, வெயில் காலம் என்று நினைத்தேன்.

வித்யா: திடீரென்று நிறுத்தினாலும் சிவந்து எரியலாம், எப்படி விடுவது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தள்ளிப்போடாதீர்கள் அத்தை.

ராஜி பெரியம்மா: மலர், இதை ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை? எலுமிச்சையும் போடாதே, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

செந்தில் சித்தப்பா: அக்கா, நாளைக்கு அரை நாள் லீவு போடு. மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு நிற்கிறேன், அந்த டியூபை மறக்காமல் எடுத்து வா.