பழைய றலிக்குச் சாமான் தேடி: வன்னி அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

மாமாவின் பழைய றலி (Raleigh) சைக்கிள் மிதிக்கும்போது கிராங்குப் (பெடல் பூட்டிய தண்டு) பக்கம் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியது. பட்டினத்துக் கடைகளில் புதுக் கோப்பை (கிராங்கு அச்சின் குண்டுகள் ஓடும், பிரேமில் முறுக்கிப் பூட்டும் கிண்ணம்) இருந்தது, ஆனால் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கடையில் "இறுக்கி ஏத்தித் தாறம்" என்றார்கள். வேண்டாம் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பரந்தன் பக்கம் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். கோப்பையைக் கழற்றிப் பார்த்தவுடனேயே சொன்னார்: "தம்பி, இது நொட்டிங்காம் றலி. இதின்ர புரி வேறை. மற்றக் கோப்பையை முறுக்கினா பிரேம்தான் பழுதாகும்." உண்மைதான். மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 புரி என்றால், றலி இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலிருந்த தன் தொழிற்சாலையில் 26 புரி வெட்டியது. ஹம்பர், றட்ஜ் என்ற மற்ற இங்கிலாந்துச் சைக்கிள் கம்பனிகளை 1932இலும் 1943இலும் முறையே றலி வாங்கியதால், பின்னால் வந்த அந்த வண்டிகளிலும் இந்தப் புரியைக் காணலாம். புதிதாகத் தேடி அலைவதில் பயனில்லை. இன்னொரு றலியிலிருந்து கழற்றியதுதான் வேண்டும்.

ஐயா ஒரு பால்மா ரின்னைக் கவிழ்த்தார். உடைந்த வண்டிகளில் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி வைத்த கோப்பைகள். இடப்பக்கத்துக்குப் பொருந்துவது ஒன்று கிடைத்தது. வலப்பக்கக் கோப்பை எதிர்ப்புரி, அது நன்றாக இருந்ததால் அதில் கைவைக்கவில்லை. கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு 11, புதுக் கிறீஸ். கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின்னை மட்டும் அரத்தால் ராவி ராவிப் போட்டுப் பார்த்தார். இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை விடவில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கவே போகலாம்.

எரிபொருள் கிடைக்காத போர்க்காலத்தில் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தானே போனது. அப்போது பழகிய கை அது. இப்படியானவர்களிடம் பேரம் பேசாதீர்கள், கேட்டதைக் கொடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

பழைய இரும்பு வாங்குகிற இடங்களையும் விட்டுவிட வேண்டாம். போருக்குப் பிறகு எத்தனையோ நல்ல வண்டிகள் நிறுவையில் போய்விட்டன, நினைத்தால் வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்தில் இரும்பு எடுக்கும் அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பழைய சைக்கிள் வந்தால் வெட்டமுன் கூப்பிடுவார். முன் கவர் (முன்சில்லைப் பிடிக்கும் கவை) இரட்டைக் குழாயாக இருந்தால் ஹம்பராக இருக்கலாம். பின் சில்லின் நடுவில் ஸ்ரேமி ஆர்ச்சர் (Sturmey-Archer) கம்பனியின் கியர் ஹப் இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருக்கும். எனக்கு 58 ஒன்று கிடைத்தது, இன்னும் மூன்று கியரும் விழுகிறது.

வவுனியாவிலிருந்து:

ரயருக்குப் பயப்படத் தேவையில்லை. பெரிய சில்லுக்கு 28 x 1½ இந்திய ரயர் பொருந்தும். 26 x 1⅜ என்றால் பக்கத்தில் 590 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 26 என்று எழுதியதெல்லாம் ஒரே அளவு இல்லை. ரிம் வாங்கும்போது துளையை எண்ணுங்கள்: பழைய இங்கிலாந்து வண்டிக்கு முன்னுக்கு 32, பின்னுக்கு 40. எதற்கும் பழைய சாமானையே கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது, பெயர் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று.

எனக்கு றட்ஜ் ஒன்றின் கம்பிப் பிறேக்குக்குப் பின்பக்க இழுகம்பி வேண்டும். மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் யாரிடமாவது கண்டிருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து எடுக்கிறேன்.