பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கினவங்க, வாசிச்சுப் பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மூச்சுக்காற்று:

எட்டு மாசமா என்கிட்ட ஒரு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்ல செஞ்ச ஆல்ட்டோ சாக்ஸபோன் இருக்கு. செகண்ட் ஹேண்ட்தான். பதினொரு வருஷமா பித்தளை ஆல்ட்டோ வாசிக்கிறேன். தொழில்முறைக் கலைஞன் இல்லை. வாரத்துல மூணு நாலு நாள் ஒரு சின்னக் குழுவோட வாசிக்கிறவன். திறந்தவெளியில, தூறல்ல, வெயில்ல வாசிக்க ஒண்ணு இருந்தா நல்லதுன்னு தோணுச்சு. பித்தளையை அங்கெல்லாம் கொண்டுபோக மனசு வரலை. இதை வாங்கினதுக்கு வேற பெரிய காரணம் எதுவும் இல்லை.

பெட்டியைத் திறந்து எடுத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. நிறைகுடம்னு நினைச்சு மூச்சைப் பிடிச்சுத் தூக்கி, உள்ள ஒண்ணுமே இல்லைன்னா கை மேல எகிறுமே, அந்தக் கதை. பித்தளை ஆல்ட்டோ ரெண்டரைக் கிலோ பக்கம் வரும். இது ஒரு கிலோகூட இல்லை.

என் பழைய மவுத்பீஸையும் அதே ரீடையும் (நம்ம சீவாளி மாதிரி) மாட்டி, நடு ஆக்டேவ்ல, அதாவது நடு ஸ்தாயியில, ஜி பிடிச்சு ஊதினேன். அடுத்த அறையில இருந்து மனைவி, "என்னங்க, சாக்ஸை சர்வீஸ் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. பதினொரு வருஷமா என் சாக்ஸைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போன காது அது. கருவி மாறினது அதுக்குத் தெரியலை.

அப்புறம் கீழ இறங்கினேன். டி நல்லா வந்துச்சு, சி-யும் வந்துச்சு. பி பிடிச்சதும் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு. பி ஃப்ளாட் வரவே மாட்டேன்னு அடம், கூடுதலா ஊதினா மேல் ஆக்டேவுக்குத் தாவிக் கீச்சிடுது. எட்டு மாசமா இதே கதைதான். அந்த ரெண்டு சுரமும் வராத பாட்டா பார்த்து வாசிச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்.

இது பிளாஸ்டிக்கோட குறையா, என் கைக்கு வந்த இந்த ஒண்ணோட குறையா? நீங்க வாங்கியிருந்தா, வாசிச்சிருந்தா சொல்லுங்க. "ரெண்டுக்கும் நல்லது கெட்டது இருக்கு"ன்னு பொதுவா சொல்லாதீங்க. உங்க கையில என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

பித்தளைப்பித்தன்:

தலைவரே, அது பொம்மை. ஒரு சிநேகிதர் வீட்டுல கால் மணி நேரம் வாசிச்சேன். நாதம் பரவாயில்லை, ஒத்துக்கிறேன். ஆனா வேகமா ஓடுற இடத்துல கீ-யெல்லாம் படபடன்னு அடிக்கிற சத்தம், பக்கத்துல யாரோ டைப்ரைட்டர் தட்டுறாப்ல இருந்துச்சு. மெதுவான பாட்டுக்கு அதைவிட மோசம், நிசப்தமான இடத்துல எல்லாம் "டக்". ரெக்கார்டிங்குக்கு வெச்சா மைக் முதல்ல அதைத்தான் பிடிக்கும்.

கடைசிவரிசை டெனர்:

பித்தன் சார், பொம்மைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். கிராஃப்டன் என்ற பழைய பிளாஸ்டிக் ஆல்ட்டோ ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, பழைய கருவிகள் சேர்க்கும் ஒருவரிடம். ஊத விடவில்லை. "கண்ணால் மட்டும் பாருங்கள்" என்றுவிட்டார். தந்தம் போலப் பழுப்பேறிய வெள்ளை உடம்பு, அதன்மேல் பளபளக்கும் பித்தளைக் கீகள். சாக்ஸபோன் என்பதைவிட ஏதோ நகைப்பெட்டி என்றே சொல்லத் தோன்றும்.

அது அக்ரிலிக். லண்டனில் இருந்த ஹெக்டர் சொம்மாருகா என்ற இத்தாலியர் வடிவமைத்து 1950-இல் விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 55 பவுண்டு. பித்தளை சாக்ஸின் விலையில் ஏறக்குறையப் பாதி. 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாஸ்ஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது இந்தப் பிளாஸ்டிக்கைத்தான். பக்கத்தில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச். அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு இது பிளாஸ்டிக் என்று சொல்பவர் யாராவது இருந்தால் நான் சாக்ஸையே விட்டுவிடுகிறேன். இன்னொரு ஜாஸ் சாக்ஸ் கலைஞரான ஆர்னெட் கோல்மனும் பித்தளை வாங்கக் காசில்லாமல்தான் 1954-இல் ஒரு கிராஃப்டன் வாங்கினார். பிறகு அதன் உலர்ந்த தொனி பிடித்துப்போய் அதையே கையில் வைத்துக்கொண்டார்.

பார்க்கரின் அந்தக் கருவி 1994-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது 93,500 பவுண்டுக்குப் போனது. பொம்மைக்கு இது கொஞ்சம் அதிக விலைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. அக்ரிலிக் எளிதில் விரிசல் விடும். கீழே போட்டால் பித்தளை நசுங்கும், அக்ரிலிக் உடையும். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தலாம், உடைந்ததை என்ன செய்வது? 1960-கள் முடிவதற்குள் கிராஃப்டன் தயாரிப்பு நின்றேபோனது.

பித்தளைப்பித்தன்:

பார்க்கர் தகர டப்பாவைக் கொடுத்தாலும் வாசிச்சிருப்பார் ஐயா. நம்ம கதை வேற. :)

லோ பி ஃப்ளாட்:

என் அனுபவம் முழுக்க எடையைப் பற்றியது. எனக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். ஆல்ட்டோவைவிடப் பெரிய பித்தளை டெனர் வாசித்தவள் நான். இருபது நிமிடத்தில் இடது கை விரல் நுனிகள் மரத்துப்போகும். தோள்வார், இடுப்பில் முட்டுக்கொடுக்கும் தாங்கி, உட்கார்ந்து வாசிப்பது, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. மருத்துவர் கடைசியில், "கழுத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருடம் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிளாஸ்டிக் ஆல்ட்டோ வந்த முதல் நாள் நாற்பது நிமிடம் வாசித்தேன். விரல் மரக்கவில்லை. அன்றைக்கு அழுதேன் என்று இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. பித்தளைக்கு அதன் கனமே ஒரு நங்கூரம். தொங்கவிட்டால் ஆடாமல் நிற்கும். இது நிற்காது. நடு சி ஷார்ப்புக்கு எல்லா விரலையும் எடுக்கிறோம் அல்லவா, அந்த நொடியில் கருவி முன்னும் பின்னும் ஆடும், மவுத்பீஸ் பல்லில் இடிக்கும். வலது கட்டைவிரலால் லேசாக முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்ளப் பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மூச்சுக்காற்று அண்ணா, உங்களுக்கும் இப்படி ஆடியதா?

மூச்சுக்காற்று:

ஆடுச்சும்மா, நல்லாவே ஆடுச்சு. என் உதடுதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

ஊதுகுழல் வாத்தியார்:

கொஞ்சம் திசை மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். நான் பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் என்ற நேராகப் பிடித்து ஊதும் குழலைச் சொல்லிக்கொடுப்பவன். என்னிடம் இருப்பது யமஹா வெனோவா. இதை சாக்ஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பிளாஸ்டிக் சாக்ஸ் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார்கள். 2017-இல் வந்தது, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், 180 கிராம்தான். ரெக்கார்டர் விரலமைப்பு, சொப்ரானோ சாக்ஸ் மவுத்பீஸ்.

இதில் எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் தந்திரம். சாக்ஸின் குழாய் கூம்பு. மேலே குறுகி, கீழே போகப்போக விரியும். அதனால்தான் எகிறி ஊதினால் ஒரு ஆக்டேவ் மேலே போகிறது. கிளாரினெட் நேர்க்குழாய், அது ஆக்டேவையும் தாண்டி, அதற்கு மேலுள்ள பஞ்சமத்தில் போய் உட்காரும். வெனோவாவும் நேர்க்குழாய்தான், ஆனால் மவுத்பீஸுக்குப் பக்கத்தில் ஒரு கிளை பிரிகிறது. அந்தக் கிளை சேர்ந்ததும் காற்று கூம்புக்குள் இருப்பதைப் போல நடந்துகொள்கிறது, ஆக்டேவும் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டுக் காட்டினால் வாசிப்பதை மறந்துவிட்டு மேலும் கீழும் புரட்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டு ஆக்டேவ்தான். பிறகு சாக்ஸுக்குப் போகும்போது உதடு தயாராக இருக்கும், விரல் ஓரளவுதான் ஒத்துழைக்கும். இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

திருகாணி:

நான் கருவிகளைச் செப்பனிடுபவன். மூச்சுக்காற்று எழுதியதைப் படித்ததும் கை அரித்தது.

உங்கள் நோய்க்குறியை மறுபடி பாருங்கள். சி வருகிறது. பி, பி ஃப்ளாட் வரவில்லை. இது பிளாஸ்டிக்குக்கே உரிய நோய் அல்ல. என் மேசைக்கு வரும் பித்தளை சாக்ஸ்களில் நான் அடிக்கடி பார்ப்பதுதான். இடது சுண்டுவிரலுக்கான கீ வரிசையில் கீழ் சி ஷார்ப், பி, பி ஃப்ளாட் மூன்றில் எதை அழுத்தினாலும் கூடவே ஜி ஷார்ப் கீயும் விடுபடும்படி இணைத்திருக்கிறார்கள். அப்போது ஜி ஷார்ப் துளையை அடைக்கும் மூடி எழும்பாமல் அமுக்கிப் பிடிப்பது வலது கை கீகளின் அடுக்கிலிருந்து நீளும் ஒரு சின்னக் கை. அதன் நுனியில் ஒரு திருகு. அந்தத் திருகு அரைச்சுற்று தளர்ந்தால் போதும், ஜி ஷார்ப் மூடி மயிரிழை தூக்கிக்கொள்ளும். நடுக்குழாயில் ஓட்டை விழுந்தால் அதற்குக் கீழே உள்ள சுரம் எப்படி வரும்? சி-க்கு இந்த இணைப்பே கிடையாது, அதனால் அது தப்பித்தது.

சோதிக்க ஒரு வழி. பித்தளை என்றால் குழாய்க்குள் விளக்குச் சரத்தை இறக்கி, அறையை இருட்டாக்கி, எந்த மூடியின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்போம். முதன்முதலாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்ஸ் என்னிடம் வந்தபோது பழக்கதோஷத்தில் அதையே செய்தேன். விளக்கை ஏற்றியதும் கருவி முழுவதும் கார்த்திகை தீபமாக ஜொலித்தது. எங்கே கசிகிறது என்று பார்ப்பது? உதவியாளர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எனவே காகிதம்தான் கதி. சிகரெட் சுற்றும் தாளை அரை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஜி ஷார்ப் மூடிக்கு அடியில் செருகுங்கள். வலது கையில் மூன்று விரலையும் வைத்து, இடது சுண்டுவிரலால் பி-யை அழுத்திக்கொண்டு, வேறொருவரைத் தாளை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். மூடி சரியாக அமர்ந்திருந்தால் தாள் பிடிகொடுக்கும். வழுக்கிக்கொண்டு வந்தால் திருடன் அகப்பட்டான்.

இனி பிளாஸ்டிக்கின் உண்மையான குறைக்கு வருகிறேன். நாதம் அல்ல. 1971-இல் ஜான் கோல்ட்மன் என்பவர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்வடிவம் ஒன்றாகவே இருக்கும்படி புல்லாங்குழல் செய்து சோதித்தார்; கேட்டவர்களாலும் சொல்ல முடியவில்லை, கண்ணால் பார்க்காமல் ஊதியவர்களாலும் சொல்ல முடியவில்லை. சாக்ஸ் வேறு கருவி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் மேசை அனுபவம் அதையேதான் சொல்கிறது: மவுத்பீஸ், ரீட், குழாயின் உள்வடிவம், மூடிகளின் அடைப்பு. இந்த நான்கும் சரியாக இருந்தால் சுவர் எதனால் ஆனது என்பது கடைசிக் கவலை. நீங்கள் ஊதும் கறுப்பு மவுத்பீஸ்கூடப் பெரும்பாலும் எபோனைட், அதாவது கெட்டியாக்கிய ரப்பர்தானே?

குறை இயந்திரத்தில் இருக்கிறது. பித்தளையில் மூடி கோணலாக உட்கார்ந்தால் நான் விரலால் ஒரு நெம்பு நெம்பி நேராக்கிவிடுவேன். பிளாஸ்டிக்கை நெம்பினால் திரும்பப் பழைய இடத்துக்கே வரும், இல்லையென்றால் ஒடியும். நீளமான கீகள் அழுத்தும்போது வளைகின்றன. மேலே நீங்கள் அழுத்தியது கீழே மூடிக்கு முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. பிளாஸ்டிக்கில் திருகின் புரி ஒருமுறை தேய்ந்தால் பிறகு பிடிக்காது. தனி உதிரிப் பாகம் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த இரண்டில் மூடிகளின் அடியில் துளையை அடைக்கும் பேட் சிலிக்கோனாக இருந்தது. தோல் பேட் மாதிரி எச்சில் குடித்து ஊறி, காய்ந்து, விறைத்துப்போவதில்லை. வெளியில் வாசிக்க வேண்டும் என்ற உங்கள் காரணத்துக்கு அது சரியான கருவிதான்.

புதுரீடு:

என் பொண்ணுக்கு 12 வயசு. முதல் சாக்ஸா இதை வாங்கலாமா திருகாணி சார்?

திருகாணி:

வேண்டாம். சுரம் வரவில்லை என்றால் தப்பு தன்னுடையதா கருவியுடையதா என்று பழகியவருக்கே எட்டு மாதம் தெரியவில்லை, மேலே பாருங்கள். குழந்தைக்கு எப்படித் தெரியும்? நன்றாகச் சரிபார்த்த பழைய பித்தளை ஆல்ட்டோவை வாடகைக்கு எடுங்கள். கனம் தாங்கவில்லை என்றால் வாத்தியார் சொன்ன வெனோவா.

மூச்சுக்காற்று:

அடி வாங்கினது நான், பாடம் அவங்களுக்கு. நல்லா இருங்க சார். :)

சரி, நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்றேன். மனைவியைத் தாள் இழுக்கச் சொன்னேன். பி-யை அழுத்தினதும் தாள் சும்மா வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. "இதுக்கா எட்டு மாசம்?"னு ஒரு பார்வை. கண்ணாடிக்காரங்க திருப்புளியால திருகைக் கால் சுற்று திருப்பினேன். தாள் கொஞ்சம் பிடிச்சுது. இன்னும் கொஞ்சம் திருப்பினா எஃப் ஷார்ப் மூடி உட்கார மாட்டேங்குது. பழையபடி கொஞ்சம் பின்னாடி வந்து நிறுத்தினேன்.

பி வந்துடுச்சு, சுத்தமா. பி ஃப்ளாட் விஷயம்தான் விசித்திரம். மெல்லமா அழுத்தினா வருது. மேடையில பயத்துல இறுக்கிப் பிடிப்போமே, அப்படி அழுத்தினா போயிடுது. அந்தச் சின்னக் கை வளையுறதைக் கண்ணால பார்த்தேன், நகத்து கனம் கூட இருக்காது, ஆனா வளையுது. திருகுக்கு அடியில மெல்லிசா கார்க் சீவி ஒட்டியிருக்கேன், பசை இன்னும் காயலை. ஞாயித்துக்கிழமை வெளியில ஒரு நிகழ்ச்சி இருக்கு. வானம் மூட்டமா இருக்கிறதால இதைத்தான் எடுத்துட்டுப் போறேன். பட்டியல்ல பி ஃப்ளாட்ல முடியுற பாட்டு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் கடைசிக்குத் தள்ளி வெச்சிருக்கேன்.